தொட்டிக்குள்ளே ஒரு நாற்றங்கால்

"இது என்ன மக்கா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள நாத்து பாவியிருக்கியா?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்த அம்மாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பாறை தெரியவில்லை, தண்ணீரைத் தள்ளும் பவர்ஹெட் பம்ப்பின் வாய் தெரியவில்லை, எல்லாவற்றின் மேலும் விரல் நீளத்துக்கு முடி முடியாகப் பச்சைப் பாசி. பம்ப் தள்ளும் தண்ணீருக்கு அது சாய்ந்து சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தால், பறக்கைப் பக்கம் வயல்காற்றில் நாற்று அசைகிற மாதிரியேதான் இருக்கும். அந்த வயலுக்குள்ளே இரண்டு க்ளவுன் மீன்கள் வரப்புத் தேடுவதுபோல அலைந்துகொண்டிருந்தன.

இது 2022 ஆடி மாதம். வீட்டில் இந்தக் கடல்நீர் மீன் தொட்டியை வைத்தது அந்த வருடம் ஜனவரியில். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கீழே சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டி, பாறைகளுக்கு இடம் போக மொத்தம் ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர். உள்ளே மென்பவளங்கள் மட்டும்தான்: கொஞ்சம் சோவாந்தஸ், காளான் பவளம், ஒரு லெதர் பவளம். கல்பவளம் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். 2001 முதல் கல்பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே இடம். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டையும் எடுத்துவரக் கூடாது. கடைகளில் 'லைவ் ராக்' என்று விற்பதில் பெரும்பாலானது பவளப் பாறைதான் என்பதால் அதையும் தொடாமல், வெள்ளை சிமெண்டில் சிப்பி ஓட்டை உடைத்துப் போட்டு நானே பாறை வார்த்தேன். குமரி மாவட்டத்தில் சிப்பி ஓட்டுக்கா பஞ்சம்? கடியப்பட்டணத்துச் சிப்பி வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவித்துத் தின்றால் ஒரு பாறைக்கான ஓடு மிஞ்சும். வார்த்த பாறையைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஆறு வாரம் ஊறப்போட்டு, பிஹெச் இறங்கியதைப் பார்த்துத்தான் தொட்டியில் வைத்தேன். இந்தப் பாறை பின்னால் ஒரு வேலை காட்டியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா கேட்ட அன்று ராத்திரி, பாசிக்கு உரமாகிற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரில் எவ்வளவு என்று அளந்து பார்த்தேன். நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.03, எல்லாம் பி.பி.எம். கணக்கு, அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். புத்தகத்தில் எழுதி வைத்ததுபோல அருமையான அளவு. தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது பாசி எங்கிருந்து வருகிறது என்று நான் குழம்பியது இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. தண்ணீரில் சத்து இல்லாததற்குக் காரணம் அவ்வளவையும் பாசி தின்றுவிட்டதுதான். சோற்றுப் பானை காலியாக இருப்பதைப் பார்த்து இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்று சொன்ன கதை. கை நிறையப் பாசியைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து அளந்தபோது நைட்ரேட் 20, பாஸ்பேட் 0.42. அதுதான் உண்மைக் கணக்கு. தொட்டி நிறையப் பாசி இருக்கும்போது டெஸ்ட் கிட் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

சரி, இவ்வளவு சத்து எங்கிருந்து வந்தது?

முதலில் நான் சந்தேகப்பட்டது கடலைத்தான். எங்கள் வீடு நாகர்கோவில் பக்கம், முட்டத்துக்கு வண்டியில் அரை மணி நேரம். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது உப்பு வாங்கிக் கரைப்பானேன் என்று, தெரிந்த ஒருவரின் குட்டியானை வண்டியில் டிரம் ஏற்றிப் போய் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்து வருவேன். அங்கே வள்ளம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கரையிலிருந்து தள்ளிப் போய் எடுத்துத் தருவார். ஆனியில் போனபோது தண்ணீர் லேசாகப் பச்சைபாய்ந்து இருந்தது, கையை விட்டால் வழக்கத்தைவிடக் குளிர்ச்சி. கேட்டேன். "ஆனி ஆடிக் கடலு மக்கா, அடியோட பொரட்டிப் போட்டிருக்கு. மீனுக்கு நல்ல தீனி உள்ள தண்ணி. உனக்க மீனுக்கு மட்டும் என்ன கேடு?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் நம் கரையோரத்து மேல்தண்ணீர் விலகிப் போக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வருகிறது. அதில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் உண்டு. அதைத் தின்று நுண்பாசி பெருக, அதைத் தின்று மீன் பெருகுகிறது. குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்கிற கடலடித் திட்டில் மீன் கொழிப்பதிலும், ஜூன் ஜூலையில் மேற்குக் கரையில் விசைப்படகுகளைக் கட்டிப் போடும் நாட்களிலும் இதே சங்கதி ஓடுகிறது. கடலுக்கு அது வளம். நாலடித் தொட்டியில் ஊற்றினால் உரம். அந்த டிரம் தண்ணீரை அளந்து பார்த்தேன், பாஸ்பேட் 0.14. மாசியில் எடுத்து மிச்சம் வைத்திருந்த கேனில் 0.03. அதாவது பாசியைக் குறைக்க வேண்டும் என்று அவசரப்பட்டு நான் தண்ணீர் மாற்றிய ஒவ்வொரு முறையும் அதற்கு உரம் போட்டிருக்கிறேன்.

இப்போது தை முதல் பங்குனி வரை, கடல் தெளிந்து கிடக்கும்போது மட்டும் எடுக்கிறேன். ஆற்று முகத்துக்கும் துறைமுகத்துக்கும் பக்கத்தில் எடுப்பதில்லை. மணக்குடிப் பொழிப் பக்கம் போகவே மாட்டேன். எடுத்ததைத் துணியில் வடிகட்டி, வெளிச்சம் புகாத டிரம்மில் காற்றுக்குழாய் போட்டு இரண்டு வாரம் வைத்து, அளந்து பார்த்த பிறகுதான் தொட்டிக்கு. மற்ற மாதங்களில் செயற்கை உப்புதான். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. செலவுதான், வேறு வழியில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் ஆடிக் கடல் மேல் போட்டுவிட முடியாது. மாதம் ஒரு டிரம் தண்ணீரில் வந்த பாஸ்பேட்டைக் கூட்டிப் பார்த்தாலும் 0.42 வராது. இன்னும் மூன்று திருடர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

ஒன்று, ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக நான் ஊற்றிய நல்ல தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கும் மின்விசிறிக்கும் என் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குறையும். உப்பு ஆவியாகாது என்பதால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதைச் சரியாகத்தான் செய்தேன், சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினேன். ஆனால் வீட்டு ஆர்.ஓ.வில் சுவைக்காக ஒரு டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) திருகு இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீரில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலப்பதுதான் அதன் வேலை. மீட்டர் வைத்துப் பார்த்தால் 70. குடிக்க நல்லது, தொட்டிக்கு, போர் தண்ணீரில் இருக்கும் சிலிக்கேட், பாஸ்பேட், நைட்ரேட் எல்லாம் நாள் தவறாமல் சொட்டுச் சொட்டாகச் சேரும். அந்தத் திருகைச் சுற்றி ஒரு தனிக் குழாய் எடுத்து, பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற டி.ஐ. ரெசின் குப்பி ஒன்று மாட்டியதும் மீட்டர் பூஜ்யம் காட்டியது. கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தீனி. இங்கே எனக்குக் கொஞ்சம் சங்கடம். காலையில் நான் ஒரு முறை போடுவேன். பத்து மணிக்கு அம்மா, "பாவம், வாயப் பொளந்துகிட்டு நிக்கி" என்று ஒரு சிட்டிகை. மாலையில் அண்ணன் பிள்ளைகள் வந்தால் அவர்கள் கைக்கு ஒன்று. இது போக, வாரத்துக்கு இரண்டு நாள் சந்தையில் வாங்கின றாலை அரைத்து, அந்தச் சாறோடு அப்படியே ஊற்றுவேன், பவளத்துக்கும் சத்து என்று. அந்தச் சாற்றை ஒரு நாள் ஆர்வத்துக்குத் தண்ணீரில் கலக்கி அளந்தேன். கருவி அதன் உச்ச அளவைத் தாண்டி மினுக்கியது. அதற்குப் பிறகு றாலை வடிகட்டியில் போட்டு இரண்டு தண்ணீர் அலசி, சதையை மட்டும் போடுகிறேன். அம்மாவுக்கு ஒரு சின்ன மருந்துக் குப்பியில் அன்றைய பங்கை அளந்து வைத்துவிடுகிறேன். அது முடிந்தால் முடிந்தது. முதல் வாரம் கோபம், இப்போது பழகிவிட்டது.

மூன்றாவது என் கைவண்ணம், அந்தச் சிப்பிப் பாறை. ஓட்டின் மடிப்பில் ஒட்டியிருந்த சதை முழுக்கப் போகாமலே சிமெண்டுக்குள் போயிருக்கிறது. ஒரு பாறையை எடுத்து, புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீர் வாளியில் ஒரு பம்ப்போடு தனியே போட்டு வைத்தேன். பாஸ்பேட் பூஜ்யத்தில் தொடங்கி ஒரு வாரத்தில் 0.3. தண்ணீரை மாற்றினேன், மறுபடி ஏறியது. மூன்றாம் முறை குறைந்தது. தண்ணீர் எவ்வளவு மாற்றியும் பாஸ்பேட் இறங்கவில்லை என்றால் இந்த வாளிச் சோதனையைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

காரணம் தெரிந்தது ஒரு பக்கம். இருக்கிற வயலை அறுக்க வேண்டுமே. அதற்கு மருந்து கிடையாது, கைதான். அரை அங்குல டியூபின் முனையில் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை நூலால் கட்டி, சைஃபன் ஓட விட்டு, தேய்க்கத் தேய்க்க அறுந்த முடி அப்படியே குழாய்க்குள் போகும்படி செய்வேன். சும்மா பிடுங்கினால் துண்டு துண்டாகப் பறந்து போய் அடுத்த பாறையில் ஒட்டி முளைக்கும். சைஃபன் தண்ணீரைத் துணி மாட்டிய வாளியில் விட்டு, துணியில் தேங்கியதைப் பிழிந்தால் ஒரு தேங்காய் அளவுக்கு உருண்டை. அதைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடப் போனேன், உப்பு என்று அம்மா பிடுங்கிக்கொண்டார். கழற்ற முடிந்த பாறைகளை வெளியே எடுத்து, பாசி மேல் மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டி, சில நிமிடம் விட்டு, கடல் தண்ணீரில் அலசித் திரும்ப வைத்தேன். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். நான் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து 3 ஆக்கித்தான் தொட்டேன். சொட்டும்போதே நுரைக்கும், இரண்டு மூன்று நாளில் பாசி வெளுத்து உதிரும். சோவாந்தஸ் இருக்கும் பாறையைத் தொடும்போது கையுறை போடுங்கள், கண்ணாடியும். அதில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். பாறையை வெந்நீரில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகத்தில் உண்டு.

நடுவில் சில கோமாளித்தனங்களும் நடந்தன. அலையடிக்கும் பாறையில் நத்தைகள் பாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு பத்துப் பதினைந்தைத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். அலை ஏறி இறங்கும் இடத்தில் வாழ்கிற நத்தைக்குத் தண்ணீருக்கு மேலே ஏறுவதுதான் வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் காலடியில் ஒன்று நொறுங்கியது. ஒன்று ஸ்விட்ச் போர்டு பக்கம். ஒன்றை மறுநாள் காலை பூஜை அலமாரியில் பிடித்தோம். எல்லாவற்றையும் பொறுக்கிக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விட்டேன். நத்தைகளிலும் சில வகைகள் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் கண்டதை எடுத்து வரக் கூடாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அதே பாறையில் பச்சைக் கம்பி மாதிரி குச்சம் குச்சமாய் வளரும் கீட்டோமார்ஃபா என்ற பாசியைச் சம்ப்பில் போட்டால் சத்தை உறிஞ்சும் என்று நினைத்தேன். தொட்டிக்காரர்கள் வளர்க்கும் கீட்டோ மிதந்து வளரும் வகை, நம் பாறையில் இருப்பது அலைக்கு அடி கொடுத்துப் பற்றி நிற்கும் வகை. ஒரு வாரத்தில் கரைந்து, உறிஞ்ச வேண்டியது போய் இருந்ததையும் கக்கிவிட்டுப் போனது.

இன்னொரு நண்பர், பழைய மணலை மாற்று என்று சொல்லி, கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கிறார்களே, அந்த வண்ண மணலைச் சிபாரிசு செய்தார். அந்தச் சிவப்பும் கறுப்பும் கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்கள். மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கத்தான் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலையே இருக்கிறது. கூடவே வரும் மோனசைட் என்பது அரிய மண் உலோகங்களின் பாஸ்பேட், தோரியமும் உண்டு. அது தண்ணீரில் லேசில் கரையாது என்பது வேறு விஷயம், ஆனாலும் அதை ஏன் தொட்டியில் போட வேண்டும்? இதில் ஒரு வேடிக்கை: பாஸ்பேட்டை இறக்கப் பலர் சொட்டுச் சொட்டாக விடுகிற லாந்தனம் குளோரைடு, தண்ணீரில் உள்ள பாஸ்பேட்டைப் பிடித்து லாந்தனம் பாஸ்பேட்டாக வீழ்த்துகிறது. மோனசைட்டின் பங்காளிதான் அது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இயற்கை செய்து வைத்திருப்பதை அவர்கள் சம்ப்பில் செய்கிறார்கள்.

நான் லாந்தனம் பக்கம் போகவில்லை. பாஸ்பேட்டைப் பிடிக்கிற இரும்பு ஆக்சைடு குருணை போட்டேன், ஜி.எஃப்.ஓ. என்பார்கள். இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு.

கையால் பிடுங்கி, தண்ணீரைச் சரிசெய்து, தீனியைக் குறைத்ததிலேயே பாசி பின்வாங்கத் தொடங்கியிருந்தது. ஆவணி கடைசியில் பாறையின் முகம் தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு அது போதவில்லை, ஒரு இழைகூட இருக்கக் கூடாது என்ற வெறி. ஜி.எஃப்.ஓ.வை டப்பாவில் எழுதியிருந்த அளவுக்கு மூன்று மடங்காகப் போட்டேன். நைட்ரேட்டுக்கு வினிகர் ஊற்றினேன், பாக்டீரியா பெருகி இழுத்துக்கொள்ளும் என்று. வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றம், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் இரவு பகலாக, மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தீனி. மூன்று வாரத்தில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.00. அந்த எண்ணைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். இன்றும் கைபேசியில் இருக்கிறது, பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

பத்து நாள் கழித்து மணலில் துரு நிறத்தில் ஒரு படலம். புதுத் தொட்டியில் வரும் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசியாக இருக்கும், தானாகப் போகும் என்று விட்டேன். நாலு நாளில் அது பாறைக்கு ஏறியது, அப்புறம் பவளத்துக்கு. பார்க்க அருவருப்பு: ஜலதோஷம் பிடித்த பிள்ளையின் மூக்கிலிருந்து வருவதுபோல நூல் நூலாகப் பழுப்புச் சளி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. மதியம் விளக்கு உச்சத்தில் இருக்கும்போது தொட்டியே குமிழி கட்டி நிற்கும். ராத்திரி விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மணல் சுத்தமாக இருக்கும், மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி. உறிஞ்சி எடுத்தால் சாயங்காலமே திரும்ப வரும். தண்ணீர் மாற்றினால் இன்னும் கூடுதலாக வரும். பிறகு கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்த டுரோக்கஸ் நத்தைகள் ஒவ்வொன்றாகப் பாறையிலிருந்து விழுந்து மல்லாந்து கிடக்கத் தொடங்கின. எடுத்து நிமிர்த்தி வைப்பேன், மறுநாள் அதே கோலம். ஒரு வாரத்தில் ஒன்பது போனது.

அண்ணன் மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். அவளிடம் ஒரு சின்னப் பாட்டிலில் அந்தச் சளியைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மதியம் ஆய்வகத்திலிருந்தே அழைத்தாள்: "சித்தப்பா, இது பாசி மாதிரி சும்மா கிடக்கல்ல, ஓடுது." வீடியோ அனுப்பினாள். 400 மடங்கு பெரிதாக்கிய காட்சியில், நீர்த்துளி வடிவத்தில் பழுப்பு மணிகள், கூர்முனையை ஆணிபோல ஊன்றிக்கொண்டு அதே இடத்தில் பம்பரம் சுற்றுகின்றன. ஆஸ்ட்ரியோப்சிஸ். டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தில் ஒன்று, சுருக்கமாக டைனோ. அதன் நஞ்சும் பாலிடாக்சின் குடும்பம்தான், நத்தைகள் செத்ததற்குக் காரணம் புரிந்தது. நுண்ணோக்கி கிடைக்காதவர்களுக்கு ஒரு கைவைத்தியம்: சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கலங்கல் மறுபடி ஒன்றுகூடி நூலாகத் திரண்டால் டைனோ. டயாட்டம் அப்படித் திரளாது.

இந்த டைனோ வசதி பார்த்து வருகிற ஆள். பச்சைப் பாசியும் நல்ல பாக்டீரியாவும் சத்துக்காகப் போட்டி போடும் தொட்டியில் அதற்கு இடம் கிடைக்காது. போட்டியாளர்கள் எல்லோரையும் நான் பட்டினி போட்டு விரட்டி, களத்தைக் கூட்டிப் பெருக்கி, வா என்று பாய் விரித்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது எல்லாமே அதுவரை செய்ததற்கு நேர்மாறு, அதனால் மனம் ஒப்பவே இல்லை. ஜி.எஃப்.ஓ.வை எடுத்து வீசினேன். வினிகர் நிறுத்தம். தண்ணீர் மாற்றம் அறவே நிறுத்தம், ஸ்கிம்மர் பகலில் மட்டும். அம்மாவிடம் போய், இனி மூன்று வேளையும் தீனி போடுங்கள் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நைட்ரேட் தீனியால் மட்டும் ஏறவில்லை என்பதால் ஆய்வகத் தரப் பொட்டாசியம் நைட்ரேட் வாங்கிக் கரைத்து விட்டேன். 250 லிட்டரில் நைட்ரேட்டை 1 பி.பி.எம். ஏற்ற 0.4 கிராம் போதும், சமையலறைத் தராசில் நிற்காது, நகைத் தராசு வேண்டும். தினமும் அளந்து, நைட்ரேட்டை 5க்கு மேலும் பாஸ்பேட்டை 0.05க்கு மேலும் பிடித்து வைத்தேன். பாஸ்பேட்தான் பாடாய்ப் படுத்தியது: காலையில் 0.06, மறுநாள் 0.01. பாறை இழுத்துக்கொள்கிறது, இத்தனை நாள் கொடுத்த அதே பாறை.

கூடவே 24 வாட் யூ.வி. (புற ஊதா) விளக்கு ஒன்றை நேராகத் தொட்டியிலேயே மாட்டினேன், சம்ப்பில் இல்லை. ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்க ஏறும், அப்போது யூ.வி. வழியாகப் போனால் தீர்ந்தது. மணலுக்குள்ளேயே கிடக்கும் ஆம்ஃபிடினியம் போன்ற வகைக்கு இது பலிக்காது, அதனால்தான் எந்த டைனோ என்று பார்க்காமல் காசைக் கொட்டக் கூடாது என்கிறேன். மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடியும் வைத்தேன். மூடியபோது மறைந்தது, யூ.வி. இல்லாமல் மூடியிருந்தால் ஒரு வாரத்தில் திரும்பியிருக்கும். முதல் தடவை யூ.வி. இல்லாமல் மூடியபோது அப்படித்தான் ஆனது.

ஐந்தாவது வாரம் பின்கண்ணாடியில் பச்சைப் படலம் தெரிந்தது. சாதாரணக் கண்ணாடிப் பாசி. ஆறு மாதம் முன்பு அதைப் பார்த்தால் பிளேடை எடுத்திருப்பேன், அன்றைக்கு டீ குடிக்க மறந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2023 பொங்கலுக்குள் சளி போய்விட்டது. லெதர் பவளம் மட்டும் மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திறக்கவே இல்லை.

பிறகு ஒரு மூலையில் பச்சை முடி திரும்ப முளைத்தது. இந்த முறை ஜாக்கிரதையாகப் பார்த்தேன்: முடி போல இல்லை, இறகு போல இருபுறமும் கிளை. பிரயோப்சிஸ். இது பட்டினிக்கும் அசையாது, நத்தையும் தொடாது. இதற்கு ஃப்ளுகோனசோல் கேட்கும், மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மாத்திரைதான். லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கில் எனக்கு 150 மில்லிகிராம் மாத்திரை எட்டு தேவைப்பட்டது. வாரத்துக்கு ஒன்று தின்கிற மாத்திரையை எட்டாகக் கேட்டால் கடைக்காரர் என்ன நினைப்பார்? எட்டி நின்று பேசினார். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார், அதுதான் முறையும். தெரிந்த கால்நடை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி எழுதி வாங்கினேன். மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் கார்பன் வடிகட்டியை எடுத்து, ஸ்கிம்மரை நிறுத்தி, காற்றுக்குழாய் போட்டு, தூளாக்கிக் கரைத்து விட்டேன். பத்து நாள் எதுவும் நடக்கவில்லை, அப்புறம் வெளுத்தது, மூன்றாம் வாரம் இல்லை. சாகும் பாசி சத்தைத் திரும்பக் கக்கும் என்பதால் அந்த நாட்களில் கையாலும் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது தொட்டியில் ஒரு குட்டி ஓரா மீன் இருக்கிறது. முட்டத்து அண்ணன் கரைவலையில் உயிரோடு சிக்கியதை வாளியில் போட்டு வைத்திருந்து கொடுத்தார், "முள்ளு பட்டா உயிரு போற வலி மக்கா, பாத்துக்கோ" என்ற எச்சரிக்கையோடு. ஒரு தடவை பட்டது. உண்மைதான். பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பாசி மேய்வதில் அதற்கு நிகரில்லை, பின்கண்ணாடியை அதற்காகவே தேய்க்காமல் விட்டிருக்கிறேன். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. நைட்ரேட் 5க்கும் 10க்கும் நடுவில், பாஸ்பேட் 0.05 சுமாருக்கு, வாரம் ஒருமுறை அளப்பு. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுகிறேன், மாற்றியபின் இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொள்கிறேன். இந்தக் கையைக் கட்டிக்கொள்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

நேற்று சாயங்காலம் இடது பக்கப் பாறையின் அடியில் ஜவ்வரிசி மாதிரி பச்சை மணிகள் சில தெரிந்தன. வலோனியா, குமிழிப் பாசி. கைவிளக்கு அடித்து எண்ணினேன், ஏழு. தொட்டிக்குள் வைத்து நசுக்காமல், ஞாயிற்றுக்கிழமை பாறையை வாளிக்கு எடுத்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பெயர்க்க வேண்டும். அதுவரை அம்மா கண்ணில் படாமல் இருந்தால் சரி.